எல்லாத்துக்கும் ஒரே பட்டர் போதுமா?

டிஸ்க் கால்ஃப் (தட்டு மாதிரி டிஸ்க்கை டீங்கற ஆரம்ப இடத்துலேர்ந்து வீசி, செயின் தொங்கற பாஸ்கெட்ல போடற ஆட்டம்) பத்தி நீங்க கேட்டது இதுதான்: ஸ்டார்ட்டர் செட்ல வந்த பட்டர் (கிட்டக்கேர்ந்து போடற மெதுவான டிஸ்க்) கைக்கு பிடிக்கல, புதுசா ஒண்ணு வாங்கி அதையே பாஸ்கெட் பக்கத்துல பட் பண்ணவும் (உள்ள போடவும்), கொஞ்சம் தள்ளி நின்னு அப்ரோச் போடவும் (பாஸ்கெட் கிட்ட கொண்டு போகவும்), சின்ன ஹோல்ல டீயிலேர்ந்து வீசவும் வெச்சுக்கலாம்னு பார்க்கறேன், ஒருத்தர் ஏவியார்ங்கறாரு, ஒருத்தர் ஜட்ஜ்ங்கறாரு, இன்னொருத்தர் ஜோன் வாங்கு அது எல்லாம் பண்ணும்ங்கறாரு, எதை வாங்கட்டும், ஃபோர்ஹேண்டுக்கும் அது ஆகுமா. மூணு டிஸ்க் பேர் வந்தாலும் உங்க கேள்வி எது நல்ல பட்டர்ங்கறது இல்ல. ஒரே டிஸ்க் மூணு வேலையும் பார்க்குமா, பார்க்கும்னா அது எப்படிப்பட்டதா இருக்கணும்ங்கறதுதான். பார்க்கும். ஆனா ஒரே மோல்டுல (ஒரே அச்சு, ஒரே பேர்) ரெண்டு டிஸ்க் வாங்குங்க, வேற வேற பிளாஸ்டிக்ல. ஏன்னு கீழ சொல்றேன். நான் பல வருஷமா ஆடறவன், புதுசா வர்றவங்களுக்கு சொல்லியும் குடுக்கறவன், டோர்னமென்ட் ப்ரோ கிடையாது, எந்த கம்பெனிக்கும் ஆள் இல்ல. அந்த அளவுல எடுத்துக்கோங்க.

முதல்ல அந்த மூணு டிஸ்க்கையும் பிரிச்சுடலாம். டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருப்பாங்க இல்ல, ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேட். ஸ்பீடுன்னா அந்த டிஸ்க் ஒழுங்கா பறக்க எவ்ளோ வேகம் குடுக்கணும்ங்கறது, கிளைடுன்னா காத்துல எவ்ளோ நேரம் மிதக்கும்ங்கறது. வலது கையால பேக்ஹேண்ட் வீசறவங்களுக்கு, டர்ன்ங்கறது வேகமா போகும்போது வலப்பக்கம் சாயறது (மைனஸ் நம்பர்னா சாயும்), ஃபேட்ங்கறது வேகம் குறைஞ்சதும் இடப்பக்கம் வளைஞ்சு இறங்கறது. இடது கைக்காரங்களுக்கு அப்படியே தலைகீழ். இன்னோவாவோட ஏவியார் 2, 3, 0, 1. டைனமிக் டிஸ்க்ஸோட ஜட்ஜ் 2, 4, 0, 1. டிஸ்க்ராஃப்ட்டோட ஜோன் 4, 3, 0, 3. கடைசி நம்பரை மட்டும் பாருங்க, ஜோன் தனியா நிக்குது. அது ஓவர்ஸ்டேபிள் அப்ரோச் டிஸ்க், எப்படி வீசினாலும் கடைசில இடப்பக்கம் வந்து விழும், அதுக்காகவே செஞ்சது. ரொம்ப நல்ல டிஸ்க், என் பேக்லயும் இருக்கு, ஆனா நீங்க கேட்ட வேலைக்கு அது இல்ல. நேரா ஒரு கோடு வேணும்னா ஜோன் குடுக்காது.

இந்த நம்பர்களை ரொம்பவும் நம்பிடாதீங்க. பிடிஜிஏ (இந்த ஆட்டத்தோட விதிகளைப் பார்த்துக்கற சங்கம்) ஒரு டிஸ்க்கை அப்ரூவ் பண்ணும்போது விட்டம், எடை, ரிம் (ஓர வளையம்) ஆழம், விளிம்பு எவ்ளோ மழுங்கலா இருக்கு, எவ்ளோ வளையுதுங்கறதைத்தான் அளந்து பார்க்கும், எப்படி பறக்குதுன்னு பார்க்காது. நம்பர் போடறது கம்பெனிதான், அவங்கவங்க கணக்குக்கு. அதனால ஒரு கம்பெனியோட 3 இன்னொரு கம்பெனியோட 2.5 மாதிரி இருக்கலாம். போதாததுக்கு ஒரே மோல்டுலயே பிளாஸ்டிக்கை பொறுத்தும், எந்த பேட்ச்ங்கறதை பொறுத்தும் கொஞ்சம் மாறும், ஏன்னா வார்த்தெடுத்து ஆறும்போது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சுருங்குது. ரிம் வெளிப்பக்கத்துல மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ற ஒரு மெல்லிசான கோடு இருக்கும், கையால தடவினா தெரியும். ரெண்டு டிஸ்க்கை மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு கண்ணை அந்த மட்டத்துக்கு கொண்டு போய் பாருங்க, எதுல அந்தக் கோடு உயரமா இருக்கோ அது பொதுவா கூடுதல் ஸ்டேபிள், அதாவது வலப்பக்கம் அவ்ளோ சாயாது, கடைசில இடப்பக்கம் இறங்கும். ஒரே பேர், ஒரே எடை, ஒரே கலர் உள்ள ரெண்டு டிஸ்க் வேற வேற மாதிரி பறக்கறதுக்கு பல சமயம் இதுதான் காரணம்.

சரி, எல்லா வேலைக்கும் ஆகற பட்டர் எப்படி இருக்கணும். என் கணக்குல டர்ன் 0, ஃபேட் 0லேர்ந்து 1 (2 வரைக்கும் சமாளிக்கலாம்), கிளைடு 3 இல்ல 4, அவ்ளோதான். காரணம் சொல்றேன். ஆறு ஏழு மீட்டர்லேர்ந்து பட் பண்றப்ப ஃபேட் 1ஆ 3ஆங்கறதுல பெருசா வித்தியாசம் தெரியாது, வளையறதுக்குள்ள டிஸ்க் செயின்ல இருக்கும். வித்தியாசம் தெரியறது நாப்பது அம்பது மீட்டர் வீசும்போதுதான். அங்க நேரா போற டிஸ்க்கை நீங்க இடப்பக்கமும் வளைக்கலாம், வலப்பக்கமும் வளைக்கலாம், ரிலீஸ் பண்ற கோணத்தை மாத்தினா போதும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் கடைசில தன் இஷ்டத்துக்குத்தான் போகும். கிளைடு விஷயம் கொஞ்சம் ருசி சம்பந்தப்பட்டது. கூடுதலா இருந்தா சுலபமா மிதந்து போகும், தூரத்து பட்டுக்கு சுகம், ஆனா மிஸ் ஆனா பாஸ்கெட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போய் உக்காரும், திரும்ப வர்ற பட்டும் ஒரு தலைவலி. குறைவா இருந்தா உடனே விழும். காஸ்டாபிளாஸ்ட்டோட பெர்க் 1, 1, 0, 2, அதை வீசினா சொன்ன இடத்துல அப்படியே உக்காரும், அப்ரோச்சுக்கு அருமை, ஆனா எட்டு ஒம்பது மீட்டர் பட்டுக்கே கையை நல்லா தள்ளணும். ஒரே பட்டர் வெச்சுக்கற ஆளுக்கு அது ஒரு எல்லை, நடுவுல இருக்கறதே நல்லது.

பட்டர்னா பாஸ்கெட் பக்கத்துல மட்டும்தான்னு நினைக்கறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது 2021 உலக சாம்பியன்ஷிப். அமெரிக்காவுல யூட்டா மாநிலம் ஆக்டன்ல நடந்தது. கடைசி ஹோல்ல ஜேம்ஸ் கான்ராட் ஒரு ஸ்ட்ரோக் பின்தங்கி இருந்தாரு, 247 அடி, அதாவது ஏறக்குறைய 75 மீட்டர் தூரத்துலேர்ந்து ஆக்ஸியம் என்வி பட்டரை வீசி நேரா பாஸ்கெட்ல போட்டாரு, பால் மெக்பெத்தோட சமன் ஆச்சு, அப்புறம் பிளேஆஃப்ல ஜெயிச்சு சாம்பியன் ஆனாரு. அந்த தூரத்துக்கு மிட்ரேஞ்ச் (பட்டரை விட கொஞ்சம் வேகமான டிஸ்க்) எடுக்கறவங்கதான் நம்மள்ல அதிகம். அந்த வீடியோ கிடைச்சா டிஸ்க் எவ்ளோ மெதுவா இறங்கி வருதுன்னு மட்டும் கவனிச்சு பாருங்க, பட்டரை ஏன் வீசறாங்கன்னு அதுலயே விளங்கிடும்.

இப்ப கைக்கு வருவோம், ஏன்னா நம்பரை விட கைதான் முக்கியம், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. பட்டர் ரிம்மோட அடிப்பக்கம் சிலதுல ஒரு சின்ன வரப்பு மாதிரி புடைச்சுக்கிட்டு இருக்கும், அதைத்தான் பீடுங்கறாங்க. சிலதுல அது இல்லாம வழவழன்னு இருக்கும். ஏவியார்லயே பீடு இல்லாததும் உண்டு, பெரிய பீடு வெச்சதும் உண்டு, ஆர்டர் பண்றப்ப பார்த்து பண்ணுங்க, ரெண்டும் கையில வேற வேற டிஸ்க் மாதிரிதான் இருக்கும். ஜட்ஜ்ல சின்னதா ஒரு பீடு உண்டு. பீடு இருந்தா ஸ்டேபிளிட்டி கொஞ்சம் கூடும், அடிபட்டு நெளியறதும் மெதுவாத்தான் நடக்கும்னு பொதுவா சொல்றாங்க, என் அனுபவமும் ஏறக்குறைய அதுதான், ஆனா அதுக்காக பீடு வாங்காதீங்க. சோதிக்கறது எப்படின்னா, டிஸ்க்கை பட்டுக்கு பிடிக்கற மாதிரி பிடிங்க, கட்டைவிரல் மேல, ஆள்காட்டி விரல் ரிம் ஓரமா, மத்த மூணு விரல் அடியில விரிஞ்சு. கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கையால டிஸ்க்கோட முன்பக்கத்தை பிடிச்சு மெதுவா உருவுங்க. கடைசியா எந்த விரல் விடுது, அந்த விரல் நுனியில பீடு தட்டுதா, இல்ல வழுக்கிக்கிட்டு போகுதான்னு தெரியும். சிலருக்கு அந்தத் தட்டல் பிடிக்கும், எப்ப ரிலீஸ் ஆச்சுன்னு கைக்கு தெரியுதுன்னு சொல்வாங்க. எனக்கு அது இடைஞ்சல், நான் பீடு இல்லாததுதான். ரிம் ரொம்ப ஆழமா இருந்தா சின்ன கைக்காரங்களுக்கு விரல் மடங்காது, அப்ப ஆழம் குறைஞ்சதா பாருங்க. மேல்பக்கம் தட்டையா குமிழாங்கறதும் கட்டைவிரலுக்கு உடனே தெரியும், குமிழ் இருந்தா பொதுவா கொஞ்சம் கூட மிதக்கும்.

எடை பத்தி நிறைய பேர் குழப்பிக்கறாங்க. விதிப்படி டிஸ்க்கோட விட்டத்துல ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் அதிகபட்சம், பட்டர் விட்டம் 21 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும், 21.2னு வெச்சா 176 கிராம் வரும். அதனாலதான் கடையில பெரும்பாலும் 170லேர்ந்து 175 வரைக்கும் பார்க்கறீங்க. அதுக்குள்ள ஏதாவது ஒண்ணு எடுங்க. எடை கூடினா காத்துல கொஞ்சம் நிலையா போகும், கை வேகம் குறைவா இருக்கறவங்களும் பிள்ளைங்களும் 160கள்ல எடுத்தா சுலபமா இருக்கும். 173ஆ 175ஆன்னு ராத்திரி தூக்கம் கெட்டு யோசிக்கற ஆளுங்களை பார்த்திருக்கேன், அந்த ரெண்டு கிராமை கண்ணை மூடிக்கிட்டு கண்டுபிடிச்சு சொன்ன ஆளை நான் பார்த்ததில்ல.

பிளாஸ்டிக்ல தான் உங்க ஒரே பட்டர் யோசனை ரெண்டா பிரியுது. பேஸ் பிளாஸ்டிக், இன்னோவால டிஎக்ஸ் மாதிரி, விலை கம்மி, கையில நல்லா ஒட்டும், ஆனா மரத்துல நாலு தடவை பட்டா ஓரம் சிலும்பிடும், சிலும்ப சிலும்ப டிஸ்க் நேராகி அப்புறம் வலப்பக்கம் சாய ஆரம்பிச்சுடும். பிரீமியம் பிளாஸ்டிக், சாம்பியன், ஸ்டார், டிஸ்க்ராஃப்ட்ல ஈஎஸ்பி, இசட் இந்த மாதிரி, கல்லுல பட்டாலும் தாங்கும், பறக்கறது ரொம்ப நாள் மாறாது, ஆனா பலதும் வழவழன்னு இருக்கும், ஈரத்துல இன்னும் மோசம். அதனால பட்டுக்கு பேஸ் ஒண்ணு, வீசறதுக்கு பிரீமியம் ஒண்ணு, ரெண்டும் ஒரே மோல்டு. கைக்கு ரிம் வடிவம் ஒண்ணுதான், பிடி மாறாது, பட்டர் மரத்துல அடி வாங்காம அதே குணத்தோட இருக்கும். ரெண்டும் வேற கலரா வாங்குங்க, அவசரத்துல பேக்லேர்ந்து மாத்தி உருவாம இருக்கும். கையில காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா பேஸ் வாங்குங்க, அதையே எல்லாத்துக்கும் வீசுங்க, அது அடிபட்டு சாய ஆரம்பிச்ச அன்னிக்கு புது பேஸ் ஒண்ணு வாங்கி அதை பட்டுக்கு வெச்சுட்டு பழசை வீச வெச்சுக்கலாம்.

சாஃப்ட்டா ஹார்டாங்கற சண்டையில நான் ஒரு பக்கமும் இல்ல. சாஃப்ட் பட்டர் செயினை பிடிச்சுக்கும், ஹார்ட் பட்டர் தெறிச்சு வெளிய வந்துடும்னு ரொம்ப நம்பிக்கையா சொல்வாங்க. சாஃப்ட் தரையில விழுந்தா கொஞ்சம் சீக்கிரம் நிக்குதுங்கறது என் கண்ணுக்கு தெரியுது. செயின் விஷயத்துல டிஸ்க் எந்த உயரத்துல, நடுக்கம்பிக்கு எந்தப் பக்கம், எந்த வேகத்துல போய் படுதுங்கறதுதான் பெரும்பாலும் முடிவு பண்ணுது, மெத்து மெத்துன்னு இருக்கறது கொஞ்சம் உதவினாலும் உதவலாம், சத்தியம் பண்ண மாட்டேன். நிச்சயமா சொல்லக்கூடியது வெயில் குளிர் சமாச்சாரம்: குளிர்ல எல்லாம் விறைச்சுக்கும், வெயில்ல எல்லாம் இளகும். சாஃப்ட் டிஸ்க்கை வெயில்ல கார்க்குள்ள பேக்குக்கு அடியில அமுக்கி வெச்சீங்கன்னா அடுத்த நாள் கோணிக்கிட்டு இருக்கும்.

சரி, வாங்கியாச்சு. பட் பண்றதுல ரெண்டு பெரிய வழி இருக்கு. மணிக்கட்டையும் விரலையும் சுண்டி வேகமா சுத்த விட்டு கிட்டத்தட்ட நேர்கோட்டுல அனுப்பறது ஸ்பின், கால் வேகத்தையும் கையையும் சேர்த்து அண்டர்ஆர்ம் மாதிரி தூக்கி வளைவா போடறது புஷ். பாதிக்கு மேல ஆளுங்க நடுவுல எங்கயோ நிக்கறாங்க. ஸ்பின் காத்துலயும் தூரத்துலயும் நல்லா தாங்கும், மிஸ் ஆனா தாண்டிப் போகும். புஷ் மிஸ் ஆனா பாஸ்கெட்டுக்கு கீழயே விழும், ஆனா தூரம் கூடினா திணறும். எது சரின்னு சொல்றவங்களை நம்பாதீங்க, ரெண்டுலயும் உலக சாம்பியன் ஆனவங்க உண்டு.

ஆனா எந்த வழியா இருந்தாலும் ஒரு விஷயம் பொது, டிஸ்க்கோட மூக்கு. அதாவது பறக்கற திசையில முன்னாடி இருக்கற விளிம்பு. அது மேல தூக்கிக்கிட்டு போச்சுன்னா டிஸ்க் ஏறும், நின்னுடும், இடப்பக்கம் சரிஞ்சு பாஸ்கெட்டுக்கு முன்னாடியே விழும், ஆளு உடனே பட்டர் சரியில்லைன்னு கடைக்கு ஓடுவாரு. புதுசா வர்றவங்க சொல்ற பட்டர் குறைகள்ல பாதி இதுதான். பார்க்கறது சுலபம். போனை பாஸ்கெட்டுக்கு பின்னாடி இடுப்பு உயரத்துல நிறுத்தி வீடியோ எடுங்க, நீங்க வீசற டிஸ்க் கேமராவை நோக்கி வரும். வரும்போது அதோட அடிப்பக்கம், அந்த குழிவு தெரிஞ்சா மூக்கு மேல இருக்கு. ஒரு தட்டையான கோடு மாதிரி தெரிஞ்சா சரி. மேல இருந்தா கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு தள்ளி அழுத்துங்க, மணிக்கட்டை கீழ் நோக்கி வையுங்க, கையை மேல தூக்கி முடிக்காம பாஸ்கெட்டை நோக்கி நீட்டி முடிங்க. ஒரு பெண்மணிக்கு இப்படி கட்டைவிரலை மட்டும் ஒரு விரற்கடை முன்னாடி நகர்த்த சொன்னேன், அடுத்த வீச்சே தட்டையா போய் செயின் நடுவுல விழுந்தது, அதுக்கு முந்தின வாரம்தான் பட்டரை மாத்தணும்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க.

விதி ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கேஷுவலா ஆடினாலும் பழக்கத்துக்கு நல்லது. பாஸ்கெட் அடியிலேர்ந்து 10 மீட்டருக்குள்ள பட் பண்ணினா, வீசினதுக்கப்புறம் பேலன்ஸ் முழுசா கட்டுப்பாட்டுல இருக்குன்னு காட்டிட்டுத்தான் மார்க்கரை (டிஸ்க் விழுந்த இடத்தைக் காட்ட வெக்கற சின்ன தட்டு) தாண்டி முன்னாடி கால் வைக்கணும், அப்படியே வேகத்துல முன்னாடி விழக்கூடாது. அதுக்கு வெளிய ஸ்டெப் பட், ஜம்ப் பட் (முன்னாடி அடி வெச்சோ குதிச்சோ போடறது) பண்ணலாம், ஆனா டிஸ்க் கைய விட்டு போற நேரத்துல கால் மார்க்கருக்கு பின்னாடி உங்க இடத்துல பட்டுக்கிட்டிருக்கணும். டிஸ்க்கைப் பொறுத்தவரைக்கும் விரிசல் விட்டது செல்லாது, வார்த்தப்ப வந்த பிசிறையோ அடிபட்ட சிராய்ப்பையோ லேசா தேய்ச்சு சரி பண்ணலாம், பறக்கறதையே மாத்தற மாதிரி செதுக்கக் கூடாது. உங்க அடையாளத்தை மார்க்கர் பேனாவால டிஸ்க் மேல எழுதுங்க, அதுவும் விதியில இருக்கு, தொலைஞ்சா திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு.

காத்து அடிச்சா இதே பட்டர் வேற டிஸ்க் மாதிரி நடந்துக்கும், அதுக்கு தயாரா இருங்க. எதிர்காத்துல டிஸ்க்குக்கு வேகம் கூடின மாதிரி ஆகுது, அதனால மேல ஏறும், வலப்பக்கம் சாயவும் பார்க்கும். பின்காத்துல நேர்மாறு, தூக்கல் கிடைக்காம பொத்துன்னு விழும், ஃபேட் சீக்கிரம் வரும். அதனால எதிர்காத்துல குறி கொஞ்சம் கீழ, மூக்கு இன்னும் கீழ. பின்காத்துல குறி கொஞ்சம் மேல. பக்கக் காத்துல டிஸ்க் எந்தப் பக்கம் சாஞ்சு போகுதுங்கறதைப் பாருங்க. வலது கை பேக்ஹேண்ட்ல ஹைசர் சாய்வா (இடப்பக்க ஓரம் கீழ இருக்கற மாதிரி) விட்டா டிஸ்க்கோட அடிவயிறு வலப்பக்கம் பார்க்கும், வலப்பக்கக் காத்து அதுல பட்டா தூக்கி இடப்பக்கம் கொண்டு போயிடும், இடப்பக்கக் காத்து மேல பட்டா தரையில அமுக்கிடும். பலமா அடிக்கற காத்துல ஏவியார் மாதிரி நேர் பட்டர் திணறத்தான் செய்யும், அதை ஒத்துக்கணும். அந்த நாளுக்குத்தான் ஜோன், வெஸ்ட்சைடோட ஹார்ப், இன்னோவாவோட பிக் மாதிரி ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கெல்லாம் இருக்கு. உங்க இடம் எப்பவுமே காத்தா இருக்குன்னா இரண்டாவது டிஸ்க்கா பிரீமியம் ஏவியாருக்கு பதிலா அதுல ஒண்ணை எடுக்கறது கூட நியாயம்தான்.

அப்ரோச்சுக்கு நின்ன இடத்துலேர்ந்தே வீசிப் பழகுங்க, ஓடி வராதீங்க. தட்டையா விட்டா தரையில சறுக்கிக்கிட்டு கொஞ்சம் முன்னாடி போய் நிக்கும், பாஸ்கெட்டுக்கு முன்னாடி திறந்த வெளி இருந்தா அது வசதி. உயரமா ஹைசர் சாய்ச்சு விட்டா ஓரம் தரையில குத்தி அங்கேயே நிக்கும், பின்னாடி சரிவு இருந்தா இது தேவை. ஆனா கடினமான தரையில ஹைசர் ஓரம் பட்டு எழுந்து உருண்டு ஓடற அபாயமும் உண்டு, சரிவுல இன்னும் கூடுதல்.

டீயிலேர்ந்து வீசறது எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. டிரைவரை (ரொம்ப தூரம் போற வேகமான டிஸ்க்) தப்பா வீசினாலும் அதோட ஃபேட் வந்து நிறைய தப்பை மூடிடும், கடைசில இடப்பக்கம்தானே போகும்னு நாமளும் விட்டுடுவோம். பட்டர் மூடாது. கையிலேர்ந்து ஆடிக்கிட்டே போனா கண்ணுக்கு முன்னாடி தடதடன்னு ஆடும், தோளை வலப்பக்கம் சாய்ச்சு வீசினா அப்படியே வலப்பக்கம் கவிழும். பட்டுக்கு விரிச்சு பிடிச்ச பிடியில வீசாதீங்க, நாலு விரலையும் ரிம்முக்குள்ள மடக்கி பிடிங்க, இல்ல விரிச்ச பிடியில ஆள்காட்டி விரலை மட்டும் உள்ள மடக்கிக்கோங்க. முழு பலத்துல முக்கா பங்கு போதும். ஸ்பீடு 2 டிஸ்க்கை அதோட அளவுக்கு மீறி வீசினா கவிழத்தான் செய்யும், அது டிஸ்க்கோட குத்தம் இல்ல. லேசா ஹைசர் சாய்ச்சு நல்லா வேகம் குடுத்தா எழுந்து நிமிர்ந்து நேரா போகும், அது வந்துடுச்சுன்னா மரங்களுக்கு நடுவுல போற குறுகலான ஹோல்ல மிட்ரேஞ்சை தொடவே மாட்டீங்க. தூரம் ஆளாளுக்கு மாறும், பழகின அமெச்சூருக்கு 50லேர்ந்து 70 மீட்டர்னு வெச்சுக்கலாம்.

கடைசில பேர் சொல்லுன்னு கேட்டா, பீடு இல்லாத ஏவியார், டிஸ்க்மேனியாவோட பி2, ஜட்ஜ், இந்த மூணுல கைக்கு எது உக்காருதோ அது. ஏவியார் 1984லேர்ந்து இருக்கு, பன்னெண்டு தடவை உலக சாம்பியன் ஆன கென் கிளைமோ பேர்லயே ஒரு ஏவியார் வந்துக்கிட்டிருக்கு, எங்க தேடினாலும் கிடைக்கும், தொலைஞ்சா அதே மாதிரி இன்னொண்ணு வாங்கறது சுலபம், அதுவும் ஒரு காரணம்தான். கொஞ்சம் ஸ்டேபிளா வேணும்னா கேட்வே விசார்ட், என்வி. வாங்கினப்புறம் ஒரு சீசனாவது மாத்தாதீங்க. கேரம்ல ஆட்டத்துக்கு ஒரு ஸ்ட்ரைக்கர் மாத்தறவனுக்கு கை எப்படி செட் ஆகும், அதே கதைதான்.

ஃபோர்ஹேண்ட் கேட்டிருந்தீங்க. இந்த ஒரு இடத்துல மட்டும் உங்களுக்கு ஜோன் சொன்னவரு சொன்னது சரி. ஃபோர்ஹேண்ட்ல டிஸ்க் ஆடிக்கிட்டு வெளிய வர்றது புதுசா வீசறவங்களுக்கு சகஜம், நேர் பட்டர் அந்த ஆட்டத்தை தாங்காம கவிழும், ஓவர்ஸ்டேபிள் தாங்கும். இருபது முப்பது மீட்டர் மெதுவான ஃபோர்ஹேண்டுக்கு நேர் பட்டரே போதும், மணிக்கட்டை மட்டும் சுண்டி, முழங்கையை உடம்போட ஒட்டி. பீடு இருந்தா நடுவிரல் அதுல இடிக்குதான்னு பாருங்க, இடிச்சா பீடு இல்லாததுதான் உங்களுக்கு. அதுக்கு மேல தூரம் ஃபோர்ஹேண்ட்ல வேணும், அது உங்க முக்கியமான வீச்சுன்னா, ரெண்டாவது டிஸ்க்குக்கான காசை ஜோன்லயே போடுங்க. உங்க கை அளவு, நீங்க ஆடற இடத்துல காத்து எப்படி, பேக்ஹேண்டா ஃபோர்ஹேண்டா எது அதிகம்னு சொன்னீங்கன்னா இன்னும் குறிப்பா சொல்லலாம்.